கோட்டைப்பட்டினத்தில் சாய்ந்த நித்தியகல்யாணி

1. காலை ஆறு மணி போன்

கல்யாணத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தபோது, காலை ஆறு மணிக்கு என் போன் அடித்தது. அந்த நேரத்தில் போன் அடித்தால், எடுப்பதற்குள் நான் யார் யாருக்கு என்னென்ன ஆகியிருக்கும் என்று ஒரு ரவுண்டு யோசித்து முடித்துவிடுவேன். எடுத்துப் பார்த்தால் கோட்டைப்பட்டினத்து ஜெய்னம்பு லாத்தா. அக்காவை அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் லாத்தா என்பார்கள்.

"பாக்கியம், செடியெல்லாம் படுத்துருச்சு புள்ள."

"எந்தச் செடி லாத்தா?"

"எந்தச் செடின்னா? நட்டதெல்லாந்தான். பந்தியில நல்லாச் சாப்ட்டுட்டு சாஞ்சு ஒக்காந்த மாதிரி ஒக்காந்துருக்கு."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது அவர் மகள் கல்யாணத்துக்காகப் போட்ட தோட்டம். என் பொறுப்பில் விடப்பட்ட முதல் தோட்டமும் அதுதான்.

எங்கள் நர்சரிக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், "வெயிலுக்கு எந்தப் பூச்செடிக்கா தாங்கும்?" என்று கேட்கும்போதெல்லாம் பெயர்ப் பட்டியல் சொல்லாமல் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

திருமயம் பக்கம் ஹைவேஸ் ஓரத்தில் இருக்கிறது எங்கள் நர்சரி. நான் எட்டாவதோடு நின்றவள். பரீட்சை எழுதினால் பெயிலாகிவிடுவேனோ என்று பயந்து, எழுதவே போகாமல் இருந்துவிட்டேன். அதன் பிறகு நாற்றுப் பாக்கெட்டில் மண் நிரப்புவது, கட்டிங் குச்சி ஊன்றுவது, தண்ணீர் விடுவது என்று பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. எங்கள் முதலாளி எனக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் வெளித்தோட்ட வேலைக்கு அனுப்பியிருக்கிறார். என்னை மட்டும் அனுப்பியதில்லை. "நீ போனா செடிய நட்டுட்டு அங்கயே பாய் விரிச்சுப் படுத்துருவே" என்பார். அவர் சொன்னது பொய்யில்லை.

கோட்டைப்பட்டினம் வேலை வந்தபோது வேறு ஆள் இல்லை. "இது சரியா வந்துச்சுன்னா இனிமே வெளிவேலையெல்லாம் நீ பாரு. வரலைன்னா பழையபடி பாக்கெட்டுதான். அதுக்காக மூஞ்சியத் தூக்கக் கூடாது" என்றார்.

2. ரவுண்டானாப் பூ

முதல் தடவை லோடு வண்டியில் முதலாளியோடு போனேன். வீட்டுக்காரர் காதர் பாய், ஜெய்னம்பு லாத்தாவின் கணவர். இருபத்தேழு வருஷம் வளைகுடாவில் டிரைவராக இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். புது வீடு. வாசல் தாழ்வாக இருக்கிறதென்று டிராக்டர் டிராக்டராகக் கண்மாய் மண்ணை அடித்து மேடாக்கியிருந்தார்கள். கத்திரி வெயில் நடுவில் மகளுக்கு வீட்டிலேயே நிக்காஹ்.

பாய் போனை நீட்டினார். ஒரு பெரிய ரவுண்டானா. சுற்றிலும் ஊதாவும் வெள்ளையும் சிவப்புமாகத் தரை தெரியாமல் பூ.

"கேட்லேருந்து வராண்டா வரைக்கும் இதேதான் வேணும். மாப்ள வீட்டுக்காரங்க கார்லேருந்து எறங்குனா இந்தக் கலருதான் கண்ணுல படணும்."

பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, பெட்டூனியா. எங்கள் நர்சரிக்கு மார்கழியில் ஓசூர்ப் பக்கமிருந்து வரும். மாசி முடிவதற்குள் அதன் கதையும் முடிந்துவிடும். ஆனால் வாயைத் திறக்கப் பயம். முதலாளியைப் பார்த்தேன். அவர் மதில் சுவரைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, "பாக்கியம் சொல்லும் பாய். அது பொறுப்பு" என்றார்.

"பாய்... இது குளிருக்குப் பூக்குறதுங்க. நம்ம வெயிலுக்கு..."

"என்னாம்மா சொல்றே? அங்க அடிக்கிற வெயில்ல வண்டி பானெட்டுல கை வைக்க முடியாது. அங்கயே பூக்குது, கடக்கரையில பூக்காதா?"

உண்மையில் நியாயமான கேள்விதானே என்று தோன்றிவிட்டது. உள்ளிருந்து டீ கொண்டுவந்த ஜெய்னம்பு லாத்தாதான் சொன்னார்: "அங்க பூத்ததை நாமளா பாத்தோம்? இந்த மனுசன் போட்டோ காட்டுறாரு, நாம நம்புறோம். கல்யாணம் பேசுற மாதிரிதான்."

மறுக்கத் தைரியம் வராமல், முதலில் பாதி இடத்துக்கு மட்டும் பெட்டூனியா, மீதிக்குப் பிறகு வேறு பூ என்று இழுத்துப் பேசி முடித்தேன். குளிர்க் கொட்டகையில் மிச்சம் இருந்த ஸ்டாக்கைக் கொண்டுபோய் நட்டோம். ஒன்பதாவது நாள் போனால் கீரை கடைந்து ஊற்றியதுபோல் கிடக்கிறது.

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். செடி வெயிலில் கருகவில்லை. கருகியிருந்தால் மொறுமொறு என்று இருந்திருக்கும். இது அவிந்துபோயிருந்தது. எங்கள் திருமயம் பக்கத்து வெயில் காய வைக்கிற வெயில். இலையில் விழுந்த தண்ணீர் அரை மணியில் காய்ந்துவிடும். கடற்கரை வெயிலில் புழுக்கம் கூட. சாயங்காலம் நனைந்த இலை விடிந்தாலும் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில்தான் பூஞ்சணம் பிடிக்கும். 'வெயிலைத் தாங்கும் செடி' என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த வெயில் என்று கேட்க வேண்டும்.

அழுகிய செடிகளைப் பிடுங்கும்போது, பயந்துகொண்டே பாயிடம் கேட்டேன்.

"பாய், அந்தப் போட்டோ எந்த மாசம் எடுத்தீங்க?"

போனைத் தடவிப் பார்த்தார். "ஜனவரின்னு போட்டுருக்கு."

"வெயில் மாசத்துல அந்த ரவுண்டானாவுல என்ன இருக்கும்?"

பாய் யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். "வெயில் மாசத்துல... நான் லீவுல ஊருக்கு வந்துருவேனே."

லாத்தா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கட்டியிருந்த இரண்டு ஆடும் மிரண்டு எழுந்துகொண்டன. "இருவத்தேழு வருசம்! வெயிலு வந்தா ஃப்ளைட் ஏறி ஓடியாந்துட்டு, இங்க வந்து ஒக்காந்துக்கிட்டு 'அங்க வெயில்லயும் பூக்குது'ங்குறாரு பாரு!"

பாயும் சிரித்துவிட்டார். "சரிம்மா. இனிமே நான் வாயத் தொறக்கல. நீயே சொல்லு."

முதல் பாடம் அன்று கிடைத்தது. கஸ்டமர் போட்டோ காட்டினால் பூவின் பெயரைச் சொல்லி நம் அறிவைக் காட்டக் கூடாது. எந்த ஊர், எந்த மாசம் என்று முதலில் கேட்க வேண்டும்.

3. ஒரு மணி போன்

நித்தியகல்யாணி என்று சொன்னேன். திருமயம் கோட்டைச் சுவரில் கல் இடுக்கில் முளைத்து, ஒருவரும் தண்ணீர் விடாமலே பூத்துக்கொண்டிருக்கும். வழவழப்பான கெட்டி இலை. உதிர்ந்த பூவைப் பொறுக்க வேண்டியதில்லை, தானே விழுந்து மறுநாள் புதுப்பூ வரும். கசப்பு என்பதால் ஆடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். பாய் அரளி கேட்டார். அரளியும் வெயிலுக்குக் கெட்டிக்காரச் செடிதான். ஆனால் கல்யாண வீட்டில் பிள்ளைகள் பூவைப் பறித்து வாயில் வைக்கும் என்று வேண்டாம் என்றேன். அந்த அளவுக்கு யோசித்தவள்தான் நான்.

நூற்று அறுபது நித்தியகல்யாணி நட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வீடு வந்தேன். பஸ்ஸில் வரும்போதே கவலை ஆரம்பித்துவிட்டது. மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு வீடியோ கால் போட்டேன்.

"லாத்தா, செடியக் காட்டுங்க."

காட்டினார். இலையெல்லாம் தொங்கிக் கிடந்தது.

"வாடுது லாத்தா! தண்ணி ஊத்துங்க!"

"காலையிலதானே புள்ள ஊத்துனேன்?"

"பரவால்ல, ஊத்துங்க. வேர் பிடிக்கிற நேரம்."

அதற்கடுத்த நாளும் அப்படியே. தினமும் சரியாக ஒரு மணி. சோறு போட்டு வைத்துக்கொண்டு போனைப் பிடித்துவிடுவேன். லாத்தா வீட்டில், "ஒரு மணி ஆயிருச்சு, செடி டாக்டரு போன் வரும்" என்று பேச்சாம்.

"வராண்டா பக்கம் ஊத்துனீங்களா?"

"ஊத்தியாச்சு புள்ள."

"கேட்டோரம்?"

"ஊத்தியாச்சு, ஊத்தியாச்சு."

இதில் நான் செய்த தப்பு நர்சரிக்காரர்கள் மட்டுமே செய்கிற தப்பு. எங்களுக்கு எல்லாச் செடியும் பாக்கெட்டில்தான். கையளவு செம்மண், கொஞ்சம் மணல், கொஞ்சம் சாணம். பதினோரு மணிக்கெல்லாம் உள்ளே வறண்டுவிடும். அதனால் செடி தலை தொங்கினால் தண்ணீர் என்று பத்தொன்பது வருஷமாக என் கைக்குப் பழக்கம். தரையில் நட்ட செடிக்கு அந்தக் கணக்கு கிடையாது என்று கைக்கு யாரும் சொல்லவில்லை.

4. ஓஸ் எட்டாத வரிசை

இப்போது அந்த ஆறு மணி போனுக்கு வருகிறேன். கிடைத்த முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். வெயில் உச்சிக்கு ஏறுமுன்னே செடிகள் சாய்ந்து கிடந்தன. மேல் மண் காய்ந்து வெடித்திருந்தது. அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் கேட்கிறதோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். வேர் பழுப்பாக, தோல் உருவிக்கொண்டு வந்தது. சாக்கடை நாற்றம். விரலை விட்டால் இரண்டு அங்குலத்துக்குக் கீழே கண்மாய் மண் பிசைந்த மாவாக இருந்தது.

கேட் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சுவரோரமாக ஒரு வரிசை, பதினெட்டுச் செடி, ரோஸும் வெள்ளையுமாகப் பூத்துக்கொண்டு கம்பீரமாக நிற்கின்றன.

"லாத்தா, இதுக்கு மட்டும் என்ன போட்டீங்க?"

லாத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒண்ணும் போடல."

"தண்ணி?"

"ஓஸு பைப்பு அங்கிட்டு எட்டாது புள்ள. கொடத்துல தூக்க எனக்கு மூட்டு வலி. நட்ட மூணு நாளைக்கு ஊத்துனேன். அப்பறம் எப்பவாச்சும் ஒரு சொம்பு."

"நான் தெனமும் கேட்டேனே? ஊத்தியாச்சுன்னீங்களே?"

"நீ பதறுறியேன்னு சொன்னேன்" என்றார். "நீ கேக்குற தோரணையில 'ஊத்தல'ன்னு சொன்னா அங்கயே மயக்கம் போட்டுருவியோன்னு நெனச்சேன்."

அவர் சொன்ன பொய்தான் அந்தப் பதினெட்டையும் காப்பாற்றியிருந்தது. என் அக்கறை மீதி நூற்று நாற்பத்திரண்டையும் கொன்றிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டேன். லாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, "அழுதுறாத. அந்தத் தண்ணியும் சேந்துரும்" என்றார்.

5. உப்புத் தண்ணீர்

முதலாளிக்கு போன் செய்ய வேண்டும். அங்கே போர் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும். "உப்புத் தண்ணி, அதான் போயிருச்சு" என்று சொன்னால் முடிந்தது. யாரும் மறுத்துப் பேச முடியாது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லியும் பார்த்தேன். ஆனால் கண்ணெதிரே அந்தப் பதினெட்டுச் செடி நிற்கிறது. அதற்கும் அதே உப்புத் தண்ணீர்தான்.

"மொதலாளி, செடி போயிருச்சு. நான்தான் மத்தியானம் மத்தியானம் ஊத்தச் சொன்னேன். வேரு அழுகிருச்சு."

பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லி யாருக்கோ குரல் கொடுத்தார்.

"எத்தன நாளு இருக்கு?"

"இருவத்திரண்டு."

"ரெண்டு ஆளையும் லோடையும் அனுப்புறேன். என்ன செடி வேணும்னு யோசிச்சுச் சொல்லு. தண்ணிய நிப்பாட்டு." வைக்கப் போனவர் மறுபடி சொன்னார்: "அந்தப் போனையும் நிப்பாட்டு."

பாய்க்கும் சொன்னேன். அவர் அந்தப் பதினெட்டுச் செடி வரிசையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "இருவத்தேழு வருசமா நான் போன்ல கேட்டதுக்கெல்லாம் 'செஞ்சாச்சு'ன்னு சொன்னியே, அதெல்லாமும் இப்படித்தானா?" என்றார். லாத்தா ஆட்டுக்குக் குழை போடப் போய்விட்டார்.

6. செடிக்கு நேரம் பார்த்தது

இந்தத் தடவை செடியைவிட மண்ணை முதலில் பார்த்தேன். பாத்தியை முழங்காலில் பாதி உயரத்துக்கு உயர்த்தினோம். கண்மாய் மண்ணோடு மணலும் மக்கின சாணமும் கலந்தோம். நடுவில் வாய்க்கால் விட்டுத் தண்ணீர் தேங்காமல் வெளியே திருப்பினோம். செடிக்குச் செடி ஒரு சாண் விட்டிருந்ததை இரண்டு சாண் ஆக்கினேன். இடைவெளியில் தரை தெரியுமே என்று பயமாக இருந்தது. ஆனால் கடல் காற்று செடிக்குள் புகுந்து போனால்தான் இலை காயும்.

பிறகு கல்யாணத்தன்று எத்தனை மணிக்கு எங்கே யார் நிற்பார்கள் என்று லாத்தாவிடம் கேட்டேன்.

"மாப்ள வீடு பதினோரு மணிக்கு வரும். பொண்ணு, நாங்கள்லாம் சாயங்காலம் வராண்டாப் பக்கம் போட்டோ எடுப்போம். எதுக்கு, செடிக்கும் பத்திரிக வைக்கிறியா?"

டேபிள் ரோஸ் காலையில் விரிந்து மத்தியானத்துக்குமேல் மூடிக்கொள்ளும். அதைக் கேட் பாதையோரம் வைத்தேன். வாடாமல்லி காலை, மாலை எல்லா நேரமும் ஒரே மாதிரி. அது போட்டோ எடுக்கிற இடத்துக்கு. வராண்டா ஓரம் சின்ன இலை இட்லிப்பூ. நடுவில் மறுபடியும் நித்தியகல்யாணி. "அதே செடியா?" என்று பாய் கேட்டார். "செடி மேல தப்பில்ல பாய்" என்றேன். எல்லாம் மொட்டு வைத்த செடிகள். கிரீன் நெட்டுக்கு வெளியே பத்து நாளாவது வெயிலில் நின்று பழகியவற்றை மட்டும் நர்சரியில் நானே பொறுக்கி ஏற்றினேன். நிழலில் வளர்ந்த செடி பார்க்க அழகாக இருக்கும், வெயிலில் இறக்கினால் அன்றே முகம் கறுத்துவிடும்.

கேட்டுக்கு இரண்டு பக்கமும் காகிதப்பூத் தொட்டிகள். அதில்தான் சோதனை. வந்தபோது ஒரே பச்சை இலை, ஒரு பூ இல்லை. காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறைத்துக் காயப்போட்டால்தான் பூ எடுக்கும். தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததைச் செய்ய மனசு வர வேண்டுமே.

போன் தினமும் ஒரு தடவை மட்டும், சாயங்காலம் ஐந்து மணிக்கு என்று லாத்தா சட்டம் போட்டார். ஓஸைச் சுருட்டி மாடியில் போட்டுவிட்டார். விடிகாலையில் சொம்பால் வேரடியில் மட்டும் தண்ணீர், அதுவும் விரலை விட்டுப் பார்த்து ஈரமில்லை என்றால்தான். காகிதப்பூவுக்கு இலை தொங்கினால் மட்டும் அரைச் சொம்பு.

ஒரு மணி ஆனால் எனக்குக் கை அரிக்கும். எழுந்து போய் மண் நிரப்புவேன். அந்த மூன்று வாரத்தில் நான் நிரப்பிய பாக்கெட்டை முதலாளி பார்த்துவிட்டு, "இப்படித் தெரிஞ்சிருந்தா ஒனக்கு வருசா வருசம் ஒரு கவலையக் குடுத்துருப்பேனே" என்றார்.

பதினைந்தாவது நாள் ஐந்து மணிக்கு நான் போன் செய்வதற்குள் லாத்தாவே செய்தார். ஒன்றும் பேசாமல் கேமராவைத் தொட்டிப் பக்கம் திருப்பினார். கிளை நுனியெல்லாம் சிவப்பாக முளைத்திருந்தது.

7. நிக்காஹ் அன்று

காலையிலேயே போய்விட்டேன். முதலாளியும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். பதினோரு மணிக்குக் கார்கள் வந்தன. டேபிள் ரோஸ் விரித்த பாய் மாதிரி கிடந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இறங்கியதும் ஒருத்தி குனிந்து பூவைத் தொட்டுப் பார்த்து, "நெசப் பூ!" என்றாள். காதர் பாய் இரண்டு அடி தள்ளி நின்றாலும் காதை இங்கேதான் வைத்திருந்தார்.

ஒரு மணிக்கு பிரியாணிப் பந்தி. நினைத்தது போலவே நித்தியகல்யாணி தலை தொங்க ஆரம்பித்தது. நான் சோற்றைப் பிசைந்தபடி பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், கை கழுவிவிட்டு வந்தவர், பாத்தியைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"என்னப்பா இது, செடி சாவுது! யாருமே பாக்கலியா?" என்று கை கழுவ வைத்திருந்த வாளியைத் தூக்கிவிட்டார்.

நானும் லாத்தாவும் வேறு வேறு பந்தியிலிருந்து ஒரே நேரத்தில் கத்தினோம்: "ஊத்தாதீங்க!"

பந்தியே திரும்பிப் பார்த்தது. பெரியவர் வாளியோடு அப்படியே நின்றார். "வாடுதேம்மா..."

எச்சில் கையோடு எழுந்து போய்ச் சொன்னேன். "அது தாகம் இல்லிங்க ஐயா. வெயிலு அடிக்குதுன்னு எலையச் சுருக்கிக்கிட்டு இருக்கு. நாம முக்காடு போடுற மாதிரி. சாயங்காலம் பாருங்க, எந்திரிச்சு நிக்கும்."

சொல்லிவிட்டுப் பந்திக்குத் திரும்பினேன். எழுந்திருக்காவிட்டால் என்ன ஆகும் என்று அடுத்த மூன்று மணி நேரமும் யோசித்துக்கொண்டே இருந்தேன். முதலாளி ஒரு நாற்காலியைப் பாத்திக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டு செடியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாளிப் பக்கம் போகவில்லை.

மாலை நேர அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நித்தியகல்யாணி ஒவ்வொன்றாக நிமிர்ந்திருந்தது. வாளி தூக்கிய பெரியவர் கிட்டே போய்க் குனிந்து, இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடே, தூங்கி எந்திரிச்சுருச்சு!" என்றார். கல்யாணப் பெண் வாடாமல்லிக்கு நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

முதலாளி கிளம்பும்போது வண்டிக் கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: "திங்கக்கெழம சித்தன்னவாசல் ரோட்டுல ஒரு வீட்டுக்குப் போகணும். வாசல்ல பூச்செடி கேக்குறாங்க. நீயே போயிரு. அங்க காயுற வெயிலு, ஞாபகம் வச்சுக்க."

இன்றுவரை வெளிவேலை என்னிடம்தான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மத்தியானம் செடியைப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். சாயங்காலம் பாருங்கள். சாயங்காலமும் தொங்கினால் விரலை விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் தண்ணீர். ஈரத்திலும் தொங்கினால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம். நல்ல செடி பொறுக்குவது பாதி வேலை. பொறுக்கிய செடியை நம்பிச் சும்மா இருப்பது மீதிப் பாதி. எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் இன்னும் கஷ்டம்.

கத்திரி தொடங்கினால் ஒரு மணிக்கு என் கை தானாகப் போனை எடுத்துவிடும்.

"லாத்தா, தண்ணி ஊத்துனீங்களா?"

"ஊத்தியாச்சு புள்ள."

ஊற்றியிருக்க மாட்டார். நான் நிம்மதியாகச் சோற்றைப் பிசைவேன்.